உப்புக் காற்றில் இரண்டு பிளசர்கள்

ஷெவர்லே வாங்கலாமா, பிளிமத் வாங்கலாமா என்று இன்றும் யாராவது போன் செய்து கேட்கிறார்கள். பழைய அமெரிக்கக் கார்மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்க்காரர்கள். எத்தனை குதிரைச் சக்தி, எது அபூர்வம், எதற்கு விலை ஏறும் என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டி எந்த ஊரில் நிற்கப்போகிறது? கோயம்புத்தூர் என்றால் ஒரு பதில், மரக்காணம் என்றால் வேறு பதில். அதே மரக்காணத்திலும் 1978க்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் இன்றைக்குச் செல்லாது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரக்காணத்தில் என் மெக்கானிக் கடையின் ஒரு பக்கம் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் கடல். மறுபக்கம் உப்பளம், அதற்கும் அப்பால் கழுவெளிச் சதுப்பு. ஆந்திராவில் தொடங்கி சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் எங்கள் ஊரில் வந்துதான் முடிகிறது. எனக்குச் சோறு போட்டவை உப்பு லாரிகளும் மீன் வண்டிகளும் டிராக்டர்களும். தை பிறந்து பாத்தி கட்டத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் லாரி ஓடும். ஐப்பசி மழையில் அளம் மூழ்கியதும் லாரிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து இன்ஜின் வேலைக்கு விட்டுவிட்டுப் போவார்கள். அமெரிக்கக் கார் என் பிழைப்பு அல்ல, பித்து.

அந்தப் பித்தை ஏற்றிவிட்டவர் திண்டிவனத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டினார்களே, அந்த பஸ்ஸில் கிளீனராக இருந்து மேலே வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து எத்தனையாவது சிலிண்டரில் வால்வு எரிந்திருக்கிறது என்று சொல்வார். கடலோரத்திலிருந்து வண்டி வந்தால் மட்டும் இன்ஜின் பக்கமே போகமாட்டார். கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுத்துவிடுவார். "டேய், இரும்ப அப்பறம் பாக்கலாம். இரும்பு எங்க தண்ணிய ஒளிச்சு வெச்சிருக்குன்னு மொதல்ல பாரு" என்பார்.

நான் சொல்லப்போகும் இரண்டு கார்களும் அவர் கையில் இருந்து என் கைக்கு வந்தவை. ஒன்று 1948 ஷெவர்லே ஃப்ளீட்மாஸ்டர். உப்பளக் குத்தகைக்காரர் ஒருவர் வீட்டு வண்டி. மற்றொன்று அதே காலத்துப் பிளிமத். திண்டிவனத்தில் வாடகைக்கு ஓடியது. முன்சீட்டில் நான்கு பேர், பின்னால் ஆறேழு பேர், டிக்கியில் பாத்திரம் பண்டம் என்று கல்யாணத்துக்குப் போகும். அவசரத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு ஜிப்மருக்கும் போகும். ஊர்க்காரர்கள் இரண்டையும் பிளசர் என்றுதான் சொன்னார்கள்.

அமெரிக்கக் கார் என்றாலும் இரண்டுமே பம்பாயில் முடுக்கப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் சிவ்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்து, உதிரியாகக் கப்பலில் வந்த ஷெவர்லேக்களை அங்கே கோத்து விற்றது. பிளிமத் வந்த வழி வேறு. வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு, 1947 முதல் குர்லாவில் டாட்ஜ், டி சோட்டோ, பிளிமத் என்று கார்களை இறக்கியது. பெயர்தான் மூன்று. முன்கிரில்லையும் எழுத்துகளையும் கழற்றிவிட்டால் டாட்ஜ் கிங்ஸ்வேயும் பிளிமத்தும் ஒரே வண்டி. "என்னுது டாட்ஜுங்க, பிளிமத் இல்ல" என்று முறைத்துக்கொண்டு வந்த முதலாளிகளுக்கும் பிளிமத் பாகத்தைத்தான் போட்டு அனுப்பினோம். மனசு கோணக்கூடாது என்று பில்லில் டாட்ஜ் என்று எழுதுவோம்.

1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டிக்கொண்டு போனது. உள்நாட்டிலேயே கார் தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கே இடம் என்று அரசு முடிவெடுத்த காலம் அது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டும் தெருவை நிறைத்தன. அமெரிக்கக் கார்கள் நின்ற இடத்தில் அநாதையாயின. நான் தொழிலுக்கு வந்தது இதற்கெல்லாம் இருபது வருஷம் கழித்து. இறக்குமதி உதிரிபாகம் என்பது அப்போது பேச்சில் மட்டும் இருந்த பொருள்.

இந்த இடத்தில்தான் கார் புத்தகங்களின் தீர்ப்பும் எங்கள் பட்டறைத் தீர்ப்பும் பிரிகின்றன.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டுக்கும் வரிசையாக ஆறு சிலிண்டர், ஏறக்குறைய மூன்றரை லிட்டர். ஷெவர்லேக்கு 90 குதிரைச் சக்தி, பிளிமத்துக்கு 95. இரண்டுக்கும் ஸ்டீயரிங் தண்டில் கை கியர், மூன்று கியர், 6 வோல்ட் பேட்டரி. ஷெவர்லேயின் வால்வுகள் ஹெட்டின் மேலே இருக்கும். பிளிமத்தின் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில். மேல் வால்வுதான் நவீனம், பக்க வால்வு பழசு என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஹெட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தால் கதை தலைகீழ்.

பிளிமத்தில் கிராங்க் முழுக்க, ஒவ்வொரு கான்ராடுக்கும் ஆயில் அழுத்தத்தோடு போகும். பேரிங் என்பது மெல்லிய ஓடு. தேய்ந்தால் பழைய ஓட்டை எடுத்துவிட்டுப் புதிய ஓட்டை வைத்து முடுக்கினால் வேலை முடிந்தது. ஷெவர்லேயிலோ கான்ராடுக்கு அழுத்த ஆயில் கிடையாது. ஒவ்வொரு கான்ராடின் அடியிலும் ஒரு சிறு கரண்டி இருக்கும். கிராங்க் சுற்றும்போது கீழே உள்ள தொட்டியில் அந்தக் கரண்டி முங்கி ஆயிலை மோந்துகொள்ளும். வேகம் கூடினால் பேனில் உள்ள சிறு குழாய்களிலிருந்து ஆயில் பீய்ச்சி அந்தக் கரண்டியின் வாயில் அடிக்கும். பேரிங்கும் தனி ஓடு அல்ல; கான்ராடுக்குள்ளேயே வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றிக் கடைந்தது. ஆயில் கேஜ் 15 பவுண்டைத் தாண்டாது. பிளிமத் ஓட்டிப் பழகிய டிரைவர் ஷெவர்லேயில் உட்கார்ந்தால் கேஜைப் பார்த்து மிரண்டுபோய் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

எது உயர்ந்த வேலைப்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பிளிமத்தான். ஆனால் 1978இல் பிளிமத்தின் பேரிங் ஓடு தேய்ந்தால் என்ன செய்வது? சென்னைக்கு பஸ் ஏறி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காமல் புதுப்பேட்டைக்கு நடந்து, அங்கே பிரித்துப் போட்டிருக்கும் இரும்பு மலைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். கிடைப்பது யாரோ கழற்றிப்போட்ட பழைய ஓடாக இருக்கும். அதை நம்பிப் போட்டால் ஆறு மாதம் தாங்கும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கிரைஸ்லரின் இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிளாக். அமெரிக்கச் சந்தைப் பிளிமத்துக்கு ஹெட் 23 அங்குல நீளம். கனடாவில் வார்த்தவைக்கும் கிரைஸ்லர், டி சோட்டோ போன்ற பெரிய வண்டிகளுக்கும் 25 அங்குலம். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நம் நாட்டுக்கு இரண்டு வகையும் வந்திருக்கிறது. டேப்பைப் பிடித்து ஹெட்டை அளக்காமல் கேஸ்கட் வாங்கப் போனவன் திரும்பவும் பஸ் ஏற வேண்டியதுதான். இன்றும் பிளிமத் வாங்கியவரிடம் நான் முதலில் கேட்பது அந்த அளவைத்தான்.

ஷெவர்லேக்கு இந்த அலைச்சல் இல்லை. போர் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் விட்ட டிஸ்போசல் லாரிகளில் கனடாவிலிருந்து வந்த ஷெவர்லேக்கள் ஏராளம். அவற்றுக்கும் இதே இன்ஜின்தான். எனவே புதுப்பேட்டையில் ஷெவர்லே ஹெட்டும் ராக்கர் தண்டும் எழுபதுகளிலும் எடைக்குக் கிடைத்தன. பேரிங்குக்குச் சென்னைக்குக்கூடப் போக வேண்டாம், புதுச்சேரி போதும்.

புதுச்சேரியில் ரோடியர் மில் என்று ஊரே அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 1898இல் தொடங்கியது. அங்கே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் முத்தியால்பேட்டைப் பக்கம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பட்டறை வைத்திருந்தார். மில் இயந்திரங்களுக்குப் பேரிங் ஊற்றிப் பழகிய கை. கான்ராடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டுவேன். பழைய மெட்டலை உருக்கி எடுத்துவிட்டு, கான்ராடின் உட்புறத்தைத் தேய்த்து, முதலில் ஈயம் பூசுவார். பூசிய ஈயம் கண்ணாடி மாதிரிப் பரவாவிட்டால் ஊற்றமாட்டார். "பூச்சு பிடிக்காத எடத்துல ஊத்துனா மெட்டல் உக்காராது தம்பி, ஒக்காந்த மாதிரி நடிக்கும்" என்பார். கான்ராடையும் அச்சையும் சூடேற்றி, கரண்டியில் உருகிய மெட்டலின் மேல் மிதக்கும் அழுக்கை ஒதுக்கி, ஒரே ஊற்றாக ஊற்றுவார். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும். பின்னால் அந்தக் கோட்டில்தான் வெடிக்கும்.

லேத்தில் கடைந்த பிறகு என் வேலை. கிராங்கில் நீலம் தடவி, கான்ராடை மாட்டிச் சுற்றி, கழற்றிப் பார்த்து, நீலம் ஒட்டிய மேட்டை ஸ்கிரேப்பரால் சீவுவது. மறுபடி நீலம், மறுபடி சீவல். மூடிக்கும் கான்ராடுக்கும் நடுவே காகிதம் மாதிரி மெல்லிய பித்தளைச் சிம்கள் இருக்கும். முடுக்கியபின் கான்ராடை நிமிர்த்தி விட்டால் தன் எடையில் மெதுவாகச் சாய வேண்டும். தொப்பென்று விழுந்தால் லூஸ். அப்படியே நின்றால் டைட். இரண்டு மூன்று வருஷம் ஓடி லேசாகத் தட்டத் தொடங்கினால் ஆயில் பேனை இறக்கி, ஒரு சிம்மை எடுத்துவிட்டு மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். ஐந்து பைசா உதிரிபாகம் வேண்டாம்.

எங்கள் ரோடும் ஷெவர்லேக்கு உடந்தையாக இருந்தது. அந்த இன்ஜினை நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் கரண்டி ஆயில் போதாமல் மெட்டல் உருகும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைகள் அகலமானபோது அதுதான் நடந்தது. 1953, 54இல் ஷெவர்லேக்காரர்களே கரண்டியைக் கைவிட்டு முழு அழுத்த ஆயிலுக்கு வந்தார்கள். ஆனால் அன்றைய திண்டிவனம் ரோட்டில் முப்பது மைல் வேகத்தைத் தாண்ட மாட்டுவண்டியும் விடாது, பள்ளமும் விடாது. அந்தக் குறை இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் ஒரு தலைமுறை ஓடிற்று.

இனி உப்பு. இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

கடலோரம் எல்லாவற்றிலும் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் உப்பளத்தோரம் அதைவிட மோசம். காரணம் வேதியியல். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால்தான் தண்ணீரை உறிஞ்சிக் கசியும். மத்தியான வெயிலில் காய்ந்துவிடும். பாத்தியில் தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளைகிறது; விளைந்ததை வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் குளோரைடு மண்டியிருக்கும். அது ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே போதும், காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இந்தக் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அளத்து வண்டிப்பாதையில் போன காரின் அடியில் ஒட்டிய சேறு காய்ந்த மாதிரித் தெரியும், தடவினால் பிசுபிசுக்கும். சித்திரை வெயிலில்கூட அந்த இரும்பை ஈரம் விடுவதில்லை. கொண்டல் அடிக்கும் மாலையில் கடலிலிருந்தும் உப்பு வந்து சேரும்.

இந்தச் சேற்றுக்கு ஷெவர்லே உகந்த வண்டி அல்ல. அதன் சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி. பலத்துக்காக அப்படிச் செய்தார்கள். விளம்பரத்திலும் பெருமையாகச் சொன்னார்கள். வலுவானதுதான். ஆனால் ஏதோ ஒரு துளை வழியாக உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே இருந்து தகடு உளுத்துக்கொண்டே வரும். ஸ்குரூடிரைவரின் பிடியால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போவேன். கணீரென்று இருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறும். அங்கே துளையிட்டால் செதில் செதிலாகக் கொட்டும்.

குத்தகைக்காரர் வீட்டு ஷெவர்லேக்கு அடிப்பகுதி முழுவதையும் ஒருமுறை நான் மாற்றியிருக்கிறேன். கதவை மூடினால் மறைந்துவிடும் அந்தக் கால்படி இருக்கிறதே, அழகுக்குச் செய்தது, அதன் உட்பக்கம் மணலும் உப்பும் சேர்ந்து தகட்டையே காணோம். டிக்கியின் அடித்தகடு, கதவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே உள்ள மூலை, இவையெல்லாம் கேஸ் வெல்டிங்கில் புதிதாகப் பிறந்தவை. பிளிமத்திலும் இதே இடங்கள் போகும். இரண்டிலும் ஒரு வசதி, பின் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை. பீடிங்கோடு கழற்றி, தனியாக வைத்து வேலை செய்யலாம். தகட்டின் கனத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. இன்றைய காரில் விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. இவற்றை நெளிக்க டிங்கருக்குச் சுத்தியல் வேண்டும். துருவே ஒரு வருஷத்தில் தின்பதைப் பத்து வருஷமாகத் தின்றது.

ஆனால் ஓட்டும் தண்டு விஷயத்தில் ஷெவர்லே புத்திசாலி. கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டை ஒரு குழாய்க்குள் மூடி வைத்திருக்கிறார்கள். உப்பு அண்டாது. பிளிமத்தில் தண்டு வெளியே சுற்றும். முனையில் உள்ள மூட்டை ஒரு ரப்பர் உறை மட்டும் காக்கிறது. உறை கிழிந்து உப்புச் சேறு உள்ளே போனால் அடுத்த உப்பு சீசனுக்குள் மூட்டு ஆடும். ஷெவர்லே குழாயிலும் ஒரு கோளாறு உண்டு: முன்பக்க சீல் தேய்ந்தால் கியர் பாக்ஸ் ஆயில் குழாய் வழியாக ஒழுகி டிஃபரன்ஷியலுக்குப் போய்விடும். கியர் பாக்ஸில் ஆயில் காணோம், கீழே ஒரு சொட்டும் இல்லையே என்று டிரைவர் தலையைச் சொறிவார்.

ஹேண்ட் பிரேக்கில் பிளிமத் ஜெயிக்கும். அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸின் வாலில் ஒரு டிரம். சக்கரம் அடிக்கும் சேறு அங்கே எட்டாது. ஷெவர்லேயின் கேபிள்களோ பின்சக்கரம் வரை உப்புக்குள்ளேயே ஓடுகின்றன. மழைக்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய ஷெவர்லேயை நான்கு பேர் தள்ளினாலும் நகர்த்த முடியாது. அதனால்தான் எங்கள் ஊரில் சக்கரத்துக்குக் கல் கொடுக்கிறோம்.

பின் ஹப்பைக் கழற்றுவதில் பிளிமத்தைத் திட்டாத மெக்கானிக் இல்லை. கூம்பு ஆக்ஸிலில் இறுகிய ஹப். அதோடு எழுபது வருஷத்து உப்பு. பெரிய புல்லரை மாட்டி, முடுக்கி, தலையில் சம்மட்டியால் ஒரு போடு போட்டுவிட்டு, ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போவோம். விடியற்காலையில் துப்பாக்கி வெடித்தது மாதிரிச் சத்தம் கேட்டால் ஹப் கழன்றுவிட்டது என்று அர்த்தம். ஆக்ஸில் நட்டை முழுக்கக் கழற்றாமல் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹப் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பிளிமத்தின் இடதுபக்கச் சக்கர போல்ட்டுகள் இடமரை. சக்கரம் சுற்றும் திசையில் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு. பஞ்சர் கடைப் பையன்களுக்கு இது தெரியாது. கழற்றுவதாக நினைத்து முடுக்கி, குழாயை மாட்டி ஏறி நின்று, கடைசியில் போல்ட்டை ஒடித்துக் கையில் கொடுப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தில் பிளிமத்துக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் உள்ளே நெடுகிலும் ஒரு தட்டைக் குழாய். அதில் உள்ள துளைகள் வழியாகத்தான் குளிர்ந்த தண்ணீர் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வின் பக்கத்திலும் போய்ச் சேரும். அது உளுத்துவிட்டால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்கும், பின் சிலிண்டர்கள் வேகும். டெம்பரேச்சர் கேஜ் எதுவும் சொல்லாது. இங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். போர்த் தண்ணீரும் கரிக்கும். ரேடியேட்டரில் அதை ஊற்றி ஓட்டிய வாடகை வண்டிகளில் இந்தக் குழாய் சல்லடையாகியிருக்கும். ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றி, கொக்கி போட்டு இழுத்தால் துண்டு துண்டாக வரும். புதிய குழாய் கிடைக்காத காலத்தில் பித்தளைத் தகட்டை மடித்து, ஈயம் பற்றவைத்து, பழையதன் துளைகளை அளந்து நாங்களே செய்து போட்டோம். மேஸ்திரி ரேடியேட்டருக்கு மழைத் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றவிடமாட்டார். கடைக் கூரையின் கீழ் அதற்கென்றே ஒரு டிரம் வைத்திருந்தார். நானும் வைத்திருக்கிறேன்.

6 வோல்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். எர்த் வயர் சேசிஸில் முடுக்கிய இடத்தில் பச்சை பூத்தால் போதும், செல்ஃப் முக்கும், இன்ஜின் சுற்றாது. பேட்டரி போச்சு என்று புதிது வாங்கி ஏமாந்தவர்கள் பலர். அந்த முடிச்சைச் சுரண்டி, கிரீஸ் தடவி மூடினால் பழைய பேட்டரியிலேயே ஓடும்.

ஷெவர்லேயின் கை கியரில் ஒரு சொகுசு வைத்திருந்தார்கள்: இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தில் கியர் தானாக நழுவும், சுண்டுவிரல் போதும். அந்த உருளையில் தோலும் ரப்பரும் காய்ந்துவிட்டால் சுண்டுவிரல் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா ஷெவர்லேயிலும் இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேர் கியராக மாற்றிவிட்டார்கள். நல்லதுதான் செய்தார்கள்.

1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறிய பிறகு வாடகைப் பிளிமத்துகளுக்கு ஒரு மறுபிறவி வந்தது. லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு பெர்க்கின்ஸ் டீசலை ஏற்றினார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் இன்ஜின்களைத் தயாரித்ததால் உதிரிபாகக் கவலை இல்லை. கண்ணாடி அதிரும், பேச்சு கேட்காது, முன் ஸ்பிரிங் இறங்கிவிடும். ஆனாலும் வண்டி சம்பாதித்தது. எங்கள் பிளிமத்தும் அப்படித்தான் பிழைத்தது. வீட்டு வண்டியான ஷெவர்லே அவ்வளவு ஓடவில்லை என்பதால் அதன் சொந்த இன்ஜினோடேயே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஈசிஆர் வந்ததும் ஆட்டமே மாறியது. மாட்டுவண்டி இல்லை, பள்ளம் இல்லை. பழைய கார்களை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காற்று வாங்கப் போனார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் போனால், சரியாக எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது ஷெவர்லே கான்ராடு தட்டத் தொடங்கும். எனக்கு அதனால் வேலை கிடைத்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே நேரத்தில் முத்தியால்பேட்டைப் பெரியவர் கண் பார்வை போய்ப் பட்டறையை மூடியிருந்தார். பின்னால் காலமும் ஆனார். அவர் பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ரோடியர் மில்லும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஒயிட் மெட்டல் ஊற்றுகிறவர்கள் தேடினால் இன்றும் கிடைப்பார்கள். ஆனால் பம்புக்கும் ஆலைக்கும் ஊற்றுகிற கை, காரின் கான்ராடு என்றதும் தயங்குகிறது.

பிளிமத்துக்கோ கதவு திறந்துவிட்டது. கிரைஸ்லர் அந்தப் பக்க வால்வு இன்ஜினை 1959 வரை பிளிமத் காரிலும், அதன் பிறகும் எழுபதுகளின் தொடக்கம் வரை ஃபோர்க்லிஃப்டுக்கும் வெல்டிங் செட்டுக்கும் போட்டு விற்றது. அதனால் பேரிங் ஓடு, கேஸ்கட், அந்தத் தண்ணீர்க் குழாய் உட்பட எல்லாம் இன்றும் அமெரிக்காவில் புதிதாகக் கிடைக்கிறது. போனில் சொன்னால், சுங்க வரியோடு, பார்சல் கடை வாசலுக்கே வருகிறது. புதுப்பேட்டையில் இரும்பு மலைக்குள் கைவிட்டுத் துழாவியவனுக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் ஆயிற்று. இன்றைக்கு ஈசிஆரில் ஓட்டப்போகிறேன் என்று கேட்பவரிடம் தயங்காமல் பிளிமத் என்கிறேன். ஷெவர்லேதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம், ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள், இல்லையென்றால் 1954க்குப் பிந்தைய இன்ஜினைத் தேடிப் போடுங்கள் என்கிறேன். அந்த மாற்றத்தைச் செய்தால் ஃப்ளீட்மாஸ்டர் அருமையான வண்டி. அதன் ஸ்டீயரிங்கும் சீட்டும் பிளிமத்தைவிட எனக்குப் பிடிக்கும்.

குத்தகைக்காரர் வீட்டு ஷெவர்லேயை அவர் பேரன் கோயம்புத்தூர்ப் பக்கம் விற்றுவிட்டார். வாங்கியவர் அடிக்கடி படம் அனுப்புகிறார். உப்பு இல்லாத ஊரில் என் வெல்டிங் ஒட்டுகள் அப்படியே நிற்கின்றன. அவர் வண்டியை அதிகம் ஓட்டுவதில்லை என்பதால் கான்ராடுகளும் பிழைத்திருக்கின்றன.

பிளிமத் என் கொட்டகையில் இருக்கிறது. பழைய வாடகைக்காரரின் மகன் அதற்கு விண்டேஜ் பதிவு வாங்க ஆசைப்படுகிறார். 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு நம்பர் பிளேட்டில் விஏ எழுத்தோடு தனிப் பதிவு உண்டு; ஆனால் சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. டீசல் இன்ஜினோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஆகவே பெர்க்கின்ஸை இறக்கிவிட்டேன். கும்பகோணத்துப் பக்கம் ஒரு அரிசி மில் கொட்டகையில் 23 அங்குல பிளாக் ஒன்று கிடைத்து, பேரிங் ஓடு வந்து, குழாய் வந்து, இன்ஜின் இப்போது மூச்சு விடுகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, அதற்காக பெட்ரோல் பம்பின் டயஃப்ராமும் ரப்பர் குழாய்களும் புதிதாக மாற்றியாயிற்று. எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நம் கரையில் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்க்கைக் காலி செய்துவிட வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த மகன் வந்தார். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணே, இதுல ஏசி போட முடியுமா? வீட்டுல கேக்கறாங்க" என்றார். ஏசிக்கு 12 வோல்ட்டும் ஆல்டர்னேட்டரும் வேண்டும், கம்ப்ரஸருக்கு பிராக்கெட் செய்யணும், விண்டேஜ் பதிவு பார்க்க வருகிற ஆபீசர் பானெட்டைத் திறந்து என்ன சொல்வார் என்று தெரியாது, முதலில் பதிவு முடியட்டும் என்றேன். மேஸ்திரி இருந்திருந்தால் சம்மட்டியை எடுத்திருப்பார். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. டீசலை ஏற்றிச் சம்பாதித்த வண்டிதானே. பதிவு கிடைத்தபின் டைனமோ இருந்த பக்கத்திலேயே இரண்டு போல்ட்டில் கழற்றக்கூடிய மாதிரி பிராக்கெட் செய்துகொள்ளலாம் என்று அளவெடுத்து வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் டிக்கி அடித்தகட்டை முடித்தாக வேண்டும், அதுதான் இப்போதைக்கு அவசரம்.